நிர்மலாதேவியைக் கேட்காமல் வெட்டிய செடிகள்

பக்கத்து வீட்டு நிர்மலாதேவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். லாஸ்பேட்டையில் எங்கள் அரசுக் குடியிருப்புக்கு அவர் வந்து பதினோரு வருஷம். வீட்டு முன்னால் உள்ள ஆறடி மண்ணை ஒரு நாளும் சும்மா விட்டதில்லை. ஆரம்பத்தில் எல்லாரையும்போல ரோஜாவும் குரோட்டன்ஸும்தான் வைத்திருந்தார். ஒரு வருஷம் கார்த்திகைப் புயலில் மூன்று நாள் முழங்கால் தண்ணீர் நின்றதில் ரோஜாவின் வேர் அழுகிவிட்டது. பிழைத்த குரோட்டன்ஸை மே மாத வெயில் கருக்கிப் போட்டது.

“இனிமே மழையும் இப்படித்தான் கொட்டும், வெயிலும் இப்படித்தான் கொளுத்தும். ரெண்டையும் தாங்குற செடியாப் பாக்கணும்” என்றார்.

சொன்னதோடு விடவில்லை. டூட்டி முடிந்து வரும்போது வழியில் எந்தக் காம்பவுண்டில் பச்சை தெரிந்தாலும் ஸ்கூட்டரை நிறுத்தி, கேட்டைத் தட்டுவார். “இது புயலுக்கு முன்னாடியே வச்சதா? கோடையில எத்தினி நாளுக்கு ஒருவாட்டி தண்ணி ஊத்துனீங்க?” என்று நோயாளியை விசாரிப்பதுபோல விசாரிப்பார். வரும்போது கையில் ஒரு குச்சியாவது இருக்கும். இப்படிச் சேர்த்ததுதான் அந்தத் தோட்டம். தண்ணீர் தேங்கும் மூலையில் கல்வாழை, ஓரமாக நொச்சி, நடுவில் நந்தியாவட்டை, மண்ணை மேடாகக் குவித்து அதன்மேல் ஆவாரை, ஜன்னல் கம்பியில் சங்குப்பூ. அடுத்த மழைக்கு மறுபடி தண்ணீர் நின்றது. ஒரு செடிகூடச் சாகவில்லை. நொச்சி ஆளுயரம் வளர்ந்து, ஊதாப் பூவில் வண்ணத்துப்பூச்சிகள் மொய்த்தன.

தை மாதம் குடியிருப்பைப் பார்க்க ஓர் உயர் அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். சங்கச் செயலாளர் புருஷோத்தமன் எல்லா வீட்டு முன்னாலும் ஒரே மாதிரி புல்தரை என்று சர்க்குலர் போட்டார். நிர்மலாதேவி காலை டூட்டிக்குப் போயிருந்தபோது ஆட்களோடு வந்துவிட்டார். நான் அன்று லீவு.

“அவங்க வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே சார்” என்றேன்.

“இந்தக் காட்டுச் செடிக்கெல்லாம் பர்மிஷனா?” என்று சிரித்தார்.

அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் வெட்டி, வேரோடு பிடுங்கிக் குப்பைத் தொட்டி பக்கம் கொட்டிவிட்டார்கள். மாதக்கணக்கில் ஒருத்தி தெருத்தெருவாக அலைந்து தேடிய அறிவு, இவர்களுக்குக் குப்பை!

மாலை வந்தவர் யூனிபார்மோடு குப்பையைக் கிளறினார். நொச்சியில் நாலு குச்சி, கல்வாழைக் கிழங்கு ரெண்டு, அவ்வளவுதான் தேறியது. என்னைப் பார்த்து, “நீங்க வீட்லதான இருந்தீங்க?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதிகாரி வந்து பத்து நிமிஷம் நின்றுவிட்டுப் போனார். சித்திரை பிறக்கும் முன்பே புல் வைக்கோல் நிறத்துக்கு மாறியது. உடனே இன்னொரு சர்க்குலர்: ஒவ்வொரு வீட்டாரும் காலை மாலை புல்லுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். எங்களுக்குக் குழாயில் ஒரு வேளை தண்ணீர் வருவதே பெரிய பாடு.

அந்த மாதக் கூட்டத்தில் நிர்மலாதேவி எழுந்தார்.

“குடிக்கிற தண்ணிய புல்லுக்கு ஊத்த முடியாது சார். தண்ணி கேக்காத செடிய வச்சிருந்தேன். அத வெட்டிட்டு, இப்ப என்னையே ஊத்தச் சொல்றீங்களா?”

“அழகுக்காகத்தானே மேடம் செஞ்சோம்” என்றார் புருஷோத்தமன்.

“மழையில அழுகி வெயில்ல கருகுறது என்னா அழகு? எங்கிட்ட ஏன் கேக்கல, அதுக்குப் பதில் சொல்லுங்க.”

இந்த முறை நானும் எழுந்து, அவர் சொல்வதுதான் சரி என்றேன். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். அவரவர் வீட்டு முன்னால் அவரவர் விருப்பப்படி செடி வைக்கலாம் என்று தீர்மானமானது. புருஷோத்தமன் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார்.

நிர்மலாதேவி மட்டும் பேனாவைத் தொடவில்லை. “கேக்காம வெட்டுனது தப்புன்னு ஒரு வரி எழுதுங்க, போடுறேன்” என்றார்.

அவர் எழுதவில்லை. இவர் போடவும் இல்லை. புத்தகத்தில் அந்தப் பெயருக்கு நேராக இடம் இன்றுவரை காலியாகத்தான் இருக்கிறது.