பாரிசுக்குப் போகும் பை

லண்டனில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு ஒரு காரணம் வேண்டும். சும்மா வந்தேன் என்றால் சந்தேகப்படுவார்கள். நாங்கள் குடிவந்து ஆறு மாதமாகியும் பக்கத்து வீட்டு மார்கரெட் அம்மாளோடு எங்கள் உறவு வேலிக்கு மேலே வானிலை பேசுவதைத் தாண்டவில்லை. என் மனைவி செல்வி கடலோரத் திருவிடந்தைக்காரி. அண்டை வீட்டார் நேரே அடுப்படிக்கு வந்து, குழம்பின் மூடியைத் திறந்து பார்த்துக் குறை சொல்லிவிட்டுப் போகும் ஊர். இங்கே குறை சொல்ல நான் ஒருவன்தான்.

பிடிக்காவிட்டால் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற ஒப்பந்தத்தின்பேரில் வந்தவள் அவள். அலுவலகத்தில் என் லண்டன் வேலையை இன்னொரு வருடம் நீட்டிக்கட்டுமா என்று கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். அவளுக்குக் கொடுக்க எனக்குத் தோன்றிய ஒரே லஞ்சம் பாரிஸ். சனிக்கிழமை காலை ரயிலேறி ஞாயிறு திரும்புவது.

திட்டம் போடுவதில் நான் கேளம்பாக்கத்து வேன் சுற்றுலா மரபைச் சேர்ந்தவன். திருவிடந்தைப் பெருமாள், மாமல்லபுரத்துக் குகைகள், திருக்கழுக்குன்றத்து மலை எல்லாவற்றையும் ஒரே பகலில் முடித்தவனுக்குப் பாரிஸ் எம்மாத்திரம்? கோபுரம், அருங்காட்சியகம், ஆற்றில் படகு என்று மூச்சுவிடாமல் அடுக்கினேன். அலுவலக நண்பர் பார்த்துவிட்டு, "இதில் உட்கார்வது எப்போது?" என்று கேட்டார். "ரயிலில்" என்றேன்.

செல்வியோ சமையலறையில் மாட்டியிருந்த கேளம்பாக்கத்து மளிகைக்கடைக் காலண்டரைப் பார்த்தாள்.

"சனிக்கெழம கெழக்கால சூலம். டிக்கெட் வாங்க சொல்ல இதப் பாக்கலியா?"

"பாரிஸ் தென்கிழக்கு."

"அதுல கெழக்கு கீதுல்ல?"

பரிகாரமாகத் தயிர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றேன்.

"ரயிலு கடலுக்கு அடியால போவுது. எங்கூர்ல கடலுக்கு அடியால போனவங்க யாரும் திரும்பி வந்ததில்ல. அதுக்குத் தயிரா?"

வழி ஒன்றுதான். நல்ல நாளில் பயணப் பையை இன்னொருவர் வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. நான் லண்டனுக்குக் கிளம்பியபோதும் என் பெட்டி முன்கூட்டியே எதிர்வீட்டுக்குப் போய்விட்டது, பல் துலக்கும் பிரஷ் உட்பட. காலையில் அதை எடுக்கப் போய் நின்ற என்னைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர், "இன்னா மச்சான், லண்டன் போறேன்ட்டு எங்கூட்டுக்கே வந்துகினு கீற?" என்றார்.

மார்கரெட் அம்மாள் வீடு எங்களுக்குக் கிழக்கே. வெள்ளிக்கிழமை மாலை, புளிக்காய்ச்சலுக்கு மிளகாய் வறுத்ததில் கண் சிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே செல்வி பையோடு முன்னே போனாள். துணைக்கு நான் பின்னே.

கதவு திறந்ததும், "டுடே ஐ லீவ் மை ஹவுஸ். பேக் கீப் ஹியர், ப்ளீஸ்" என்றாள்.

மார்கரெட் அம்மாள் அவள் கண்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். செல்வியையும் பையையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டது.

மணியடித்தேன். கதவில் கடிதம் போடும் துவாரம் திறந்தது. "நீ உன் வீட்டுக்குப் போ. அவள் இங்கே எத்தனை நாள் வேண்டுமானாலும் இருப்பாள்" என்று ஆங்கிலத்தில் உறுமிவிட்டு மூடிக்கொண்டது. சூலம் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வேலியோரம் வெகுநேரம் நின்றேன். பிறகு செல்வியின் சிரிப்பு கேட்டது. லண்டனில் அதை முதல்முறையாகக் கேட்கிறேன். கொஞ்சம் பொறுத்து, கூடவே இன்னொரு கிழட்டுச் சிரிப்பு.

கதவு திறந்தது. மார்கரெட் அம்மாள் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "ஆனாலும் மாடியில் அவளுக்குப் போட்ட படுக்கை அங்கேயேதான் இருக்கும்" என்று விரலை ஆட்டி எச்சரித்தார்.

"இன்னா ஏதுன்னு ஒரு வார்த்த கேக்கலங்க" என்றாள் செல்வி. "மேல ரூம்ல படுக்க போட்டாங்க. டீ குடுத்தாங்க. உங்க மேல போலீஸ்ல சொல்லட்டுமான்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"யோசிச்சு சொல்றேன்னேன்."

எங்கள் வாசல் வந்ததும் நின்றாள். "திங்கக்கெழம சரின்னு சொல்லிடுங்க. ஒரு வருஷம். அதுக்கு மேல ஒரு நாளு கெடையாது."

பாரிசைக் கண்ணில் காட்டுவதற்கு முன்பே காரியம் முடிந்துவிட்டது. உள்ளே போய்ச் சட்டை மாற்றலாம் என்றால் நல்ல சட்டையெல்லாம் அடுத்த வீட்டில் விட்டுவந்த பையில். அலமாரியைத் திறக்கப் போனேன்.

"எதையும் தொடாதீங்க. நாமதான் கெளம்பிட்டமே."

காலண்டர் கணக்கில் கிளம்பிவிட்டோம், ரயில் கணக்கில் இன்னும் இல்லை. போட்டிருந்த உடையோடு, யாரோ வந்து உபசரிக்கப் போவதுபோல, எங்கள் வீட்டுச் சோபாவின் நுனியில் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.