பேர் வெட்டிய சாமான்கள்

பழைய சாமான் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வாங்க வருவதில்லை, "எங்க வீட்லயும் இது இருந்துச்சு" என்று சொல்லத்தான் வருகிறார்கள். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதைக் கேட்டு, முதல் தடவை கேட்பதுபோல "அப்படியா!" என்று முகத்தை வைத்துக்கொள்கிறோம் என்பது நமக்குத்தான் தெரியும்.

என் கடை செஞ்சியில், கோட்டைக்குப் போகிற வழியில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். எடைக்கு வந்ததில் உருக்கப் போகக்கூடாது என்று எனக்குத் தோன்றியதையெல்லாம் தனியாக எடுத்து வைத்தேன். அவர் திட்டிக்கொண்டே இருந்தார், நானும் எடுத்து வைத்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்கு இரும்புக் கடை இல்லை, எடுத்து வைத்ததுதான் கடை. எனக்குக் கண் உண்டு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

சாய்வு நாற்காலி

கோட்டை மலையான ராஜகிரி ஏறி இறங்கி வருகிறவர்களுக்குக் கால் இரண்டும் தடதடவென்று ஆடும். முதலில் கண்ணில் படுகிற நிழல் என் கடை. வாசலில் ஒரு தேக்கு சாய்வு நாற்காலியைப் போட்டிருந்தேன், கைப்பிடி நீட்டி மடக்குகிற மாதிரி. ஒருநாள் குடும்பத்தோடு வந்த ஒரு பெரியவர் நேரே வந்து அதில் சாய்ந்தார். காலைத் தூக்கிக் கைப்பிடிமேல் போட்டார். ஐந்து நிமிஷத்தில் குறட்டை.

மனைவியும் மகனும் எழுப்பியும் எழவில்லை. நானும் விட்டுவிட்டேன், தூங்குகிறவரை எழுப்பி வியாபாரம் பேசுவது எனக்குப் பிடிக்காது. விழித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சின்ன வயதில் மத்தியான நேரத்தில் அப்பா எழுந்து போனதும் அந்தச் சூட்டோடு அவர் நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொள்வதைப் பற்றி எல்லோருக்கும் சொன்னார். சொல்லச் சொல்லக் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். இன்றைக்கு நாற்காலி விற்றுப்போய்விடும் என்று நான் துடைக்கிற துணியையே எடுத்துவிட்டேன். அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்தபடி சொன்னார்: "இது விக்கிறதுக்கா? மலை ஏறி வர்றவங்களுக்குப் புண்ணியத்துக்குப் போட்டு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்மா."

ராஜா வாள்

கோட்டை ஊரில் பழைய சாமான் கடை வைத்தால், மாதத்துக்கு ஒருவர் ராஜாவின் வாளைக் கொண்டுவருவார். ஊரில் இத்தனை வாள் இருந்திருந்தால் கோட்டையை யாரும் பிடித்திருக்கவே முடியாது. ஒருநாள் சாக்கில் சுற்றி ஒருவர் கொண்டுவந்தார். தகரத்தில் அடித்தது, பிடியில் பளபளக் காகிதம் ஒட்டிய பசை இன்னும் இருந்தது.

"இன்னாப்பா இது, ராஜா வாளா?" என்றேன், குரலில் கொஞ்சம் கிண்டலோடு. அவர் முகம் மாறவே இல்லை. அதைக் கையில் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினார். சின்னப் பையனாக இருந்தபோது விடிய விடிய மேடைப் பக்கத்திலேயே உட்கார்ந்து இந்த வாளைப் பார்த்த கதையைச் சொல்லிவிட்டு, முழு நம்பிக்கையோடு முடித்தார்: "ராஜா வாளேதான்க்கா. எங்க மாமன்தான் கூத்துல ராஜா வேஷம் கட்டுவாரு."

வாங்கிக்கொண்டேன். பொய் சொல்லாத ஒரே ராஜா வாள் அதுதான்.

பெட்டி

பச்சை பெயின்ட் அடித்த தகரப் பெட்டிகள் நம்மிடம் மலிவாகக் கிடைக்கும், யாரும் சீண்டுவதில்லை. ஒருநாள் ஜீப்பில் வந்து இறங்கிய ஓர் அதிகாரி, பித்தளை, மரம், கண்ணாடி எதையும் பார்க்காமல் நேராக அப்படி ஒரு பெட்டியிடம் போனார். மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தார். நான் கரப்பான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் கையமர்த்தினார்.

அரசு விடுதியில் படித்தவராம். அம்மா கூலி வேலை முடித்து வந்து பொட்டுக்கடலை உருண்டை பிடித்துத் துணிக்கு அடியில் வைத்து அனுப்புவாராம். சட்டையெல்லாம் வெல்ல வாசனை அடிக்கும், பையன்கள் கிண்டல் பண்ணுவார்களாம். எந்தப் பையன், எந்தப் படுக்கை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நானும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பெட்டியை அவரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஜீப்புக்கு நடந்தார். பின்னால் ஓடிய டிரைவர் ஒரு நொடி நின்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்: "எங்க சாரு இவ்ளோ பேசுவாருன்னு இன்னிக்குத்தான்க்கா தெரியுது."

வேறு யாரோ ஒரு தமிழரசி

என் கடையில் ஒரு சட்டம் உண்டு. பாத்திரத்தில் வெட்டியிருக்கும் பேரை அழிக்கக்கூடாது. மற்ற கடைகளில் பாலிஷ் போடும்போது தேய்த்து எடுத்துவிடுவார்கள். கல்யாணச் சீர், மொய்க்கு வந்த குடம், பங்கு பிரித்த அண்டா, எல்லாவற்றிலும் பேர் இருக்கும். பேர் போனால் அது வெறும் பித்தளை.

எனக்குப் பாலிஷ் போடுகிறவர் ஏழுமலை. நல்ல வேலைக்காரர், வாய் மட்டும் சும்மா இருக்காது. ஒருநாள் அவர் தேய்த்து வைத்த பித்தளை டிபன் கேரியரில் நான் பேரைப் படித்துவிட்டுச் சிரித்தேன். 'தமிளரசி' என்று இருந்தது. பேர் வெட்டுகிறவர் காதில் விழுந்தபடி வெட்டிவிட்டார். நம் பக்கத்தில் ழகரத்தின் நிலைமை தெரிந்ததுதானே. ஏழுமலை தன் பேரையே ஏளுமலை என்றுதான் சொல்வார். அவர் கேரியரை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான வெட்டியிருக்கான்?" என்றார்.

அந்த வாரமே திண்டிவனத்திலிருந்து குமரன் என்று ஒருவர் வந்தார். சில வருஷத்துக்கு முன்னால் வீட்டை இடித்துக் கட்டும்போது சாமான்களை மொத்தமாக எடைக்குப் போட்டுவிட்டாராம். அதில் அம்மா பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன கேரியரும் போய்விட்டது. அம்மாவும் இப்போது இல்லை. அம்மா பேர் தமிழரசி. கடை கடையாகத் தேடுகிறார். எனக்குக் கை பரபரத்தது, கேரியரைக் கொண்டுவந்து வைத்தேன்.

அவர் கண் ஒரு நொடி பெரிதானது. பிறகு பேரைப் படித்தார், தள்ளி வைத்துவிட்டார். எங்கள் வீட்டுக் கேரியர் இவ்வளவு பளபளப்பாக இருக்காது என்றார். ஏழுமலை தேய்த்தால் அப்படித்தான் இருக்கும் என்றேன். கேட்கவில்லை. போன் நம்பரைக் கொடுத்துவிட்டு, வாசலில் திரும்பி நின்று சொன்னார்: "எங்கம்மா தமிழ் டீச்சர் மேடம். தப்பா எழுதுன பேர வீட்டுக்குள்ளயே வுட்டிருக்க மாட்டாங்க. இது வேற யாரோ."

தப்பாக இருக்க வேண்டும்

ஒரு மாதம் கழித்து வேலூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். மங்கை என்று பேர். சாமான்களைச் சுற்றிப் பார்க்கவே இல்லை. நேராகக் கேட்டார். "தமிழரசின்னு பேர் வெட்டின கேரியர் ஏதாவது வந்துச்சாங்க? ஆனா தப்பா இருக்கணும். ழவுக்குப் பதிலா ள போட்டிருக்கணும்."

நான் ஸ்டூலை விட்டே எழுந்துவிட்டேன். கேரியரை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். அவர் பேர்மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டே நின்றார். பிறகுதான் கதை வந்தது. நைனா, அதாவது அவர் அப்பா, ஆசையாக வாங்கிப் பேர் வெட்டிக் கொண்டுவந்தாராம். அம்மா பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லையாம். ஆனால் அழிக்கவும் விடவில்லை. பனமலைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் வகுப்பில் கேரியரைத் தூக்கிக் காட்டி, "இதில் என் பேர் எங்கே தப்பாகியிருக்கிறது?" என்று கேட்பாராம். அதை வைத்தே பிள்ளைகளுக்கு ழகரம் வரவைத்தாராம். மங்கை அந்த வகுப்பில் உட்கார்ந்து படித்தவர். தம்பி சித்தப்பா வீட்டில் தங்கித் திண்டிவனத்தில் படித்தார். லீவுக்கு வருகிறபோது கேரியரைப் பார்த்திருப்பார், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்திருக்க மாட்டார்.

"எனக்கு ஒரு போன் கூடப் பண்ணாம தம்பி எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டான்க்கா. அம்மாவையே தூக்கிப் போட்ட மாதிரி இருந்துச்சு. அதுலேர்ந்து அவன்கூடப் பேச்சே இல்ல" என்றார். நல்லது கெட்டது எதற்கும் போவதில்லையாம். சொல்லும்போது அவர் குரலில் கோபத்தைவிட ஏக்கம்தான் அதிகமாக இருந்தது.

நான் போனை எடுத்து, 'குமரன், கேரியர்' என்று பதிந்து வைத்திருந்த நம்பரைக் காட்டினேன். இவரும் இதைத்தான் தேடி வந்தார், எழுத்துப் பிழை இருக்கிறது என்று வேண்டாமென்று போய்விட்டார் என்றேன். அவர் நம்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேரியரை மார்போடு அணைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்: "அவனும் தேடுறானா?"

கடைசியில்

கூப்பிடட்டுமா என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது போதாதா? இந்த மாதிரி விஷயத்தில் நான் இரண்டாவது தடவை கேட்கிற ஆள் இல்லை. நம்பரை அழுத்தி, அந்தக் கேரியர் உங்கள் அம்மாவுடையதுதான், உடனே வாங்க என்று மட்டும் சொன்னேன். மங்கைக்கு டீ வரவழைத்தேன். அவர் கேரியரைப் பையில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்தால் தம்பியோ என்று எழுவார், திரும்ப உட்காருவார்.

குமரன் வண்டியில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. அக்காவைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார். மங்கை பையிலிருந்து கேரியரை எடுத்து மேஜைமேல் வைத்து, அம்மா வகுப்பில் கேட்ட கேள்வியையும் அழிக்க விடாத கதையையும் சொன்னார். குமரன் குனிந்து பேரையே பார்த்தார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "கையில குடுத்தாங்கக்கா, நான்தான் வேணாம்னு போய்ட்டேன். அதுக்கு முன்னாடியும் நான்தான் தூக்கிப் போட்டேன். எல்லாம் என் தப்பு" என்றார்.

அக்கா எழுந்துபோய் அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "தப்பு, பேர் வெட்டுனவன்துடா. நீ சாப்டியா மொதல்ல?" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. ஏழுமலை பாலிஷ் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முகமெல்லாம் கறுப்பாக நின்றார். அக்காவும் தம்பியும் யார் வீட்டுக்கு யார் முதலில் வருவது என்று சண்டை போட்டுக்கொண்டே படியிறங்கி, ஒரே வண்டியில் ஏறிச் சாப்பிடப் போனார்கள். நான் வாசலில் நின்று கையசைத்துவிட்டு உள்ளே திரும்பினால், ஏழுமலை மேஜையைக் காட்டிக் கத்தினார்: "அக்கா, கேரியர வுட்டுட்டுப் பூட்டாங்கக்கா!"

வருஷக்கணக்காகத் தேடிய சாமானை மறந்துவிட்டுப் போகிறவர்களை ஹோட்டல் ஹோட்டலாகத் துரத்திப் பிடித்துக் கொடுக்கிற வியாபாரம் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும், நானும் இதை விடுவதாக இல்லை.