புகை வருதோ, தம்பி?

குகன் அண்ணை போய்விட்டார். இன்று காலை குளிக்கப் போன இடத்தில் விழுந்தவர், எழும்பவேயில்லை.

ஹார்ட் அட்டாக்காம். அவரது மனைவி வசந்தி அக்கா போனில் அழுதுகொண்டே சொன்னார்.

அண்ணையைத் தெரியாதவர்களுக்காக: வடக்கு ஜெர்மனியில், நாலு பக்கமும் கோதுமை வயல் தவிர வேறொன்றும் இல்லாத சின்ன நகரம் எங்களுடையது. கார்க் கதவுக்கு ரப்பர் செய்கிற தொழிற்சாலை மூன்று ஷிஃப்ட் ஓடத் தொடங்கிய காலத்தில், வுப்பர்டால் நகரத்தில் இருந்த எங்களையெல்லாம் கூப்பிட்டு எடுத்தவர் அவர்தான்.

"ஃபிளாட்டுக்குள்ள கிடந்து என்ன செய்யிறியள்? வெளிக்கிட்டு வாங்கோ, இங்க வேலையும் இருக்கு, காணியும் இருக்கு!"

வந்தோம். அடேயப்பா, அந்தப் பத்து வருடம்! வயலுக்குள் புதுத் தெரு, மாறி மாறிப் புதுவீட்டுக் குடிபூரல். பெண்பிள்ளைகள் பெரியபிள்ளையாகிற சாமத்திய வீட்டுக்கு ஹால் பிடிக்க அடிபட வேண்டியிருந்தது.

எங்கள் குடிபூரல் அன்று பால் பொங்கி அடுப்பில் ஊற்றி, ஸ்மோக் அலாரம் கத்தத் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டு ஜெர்மன் மனுசி தீயணைக்கிற சிலிண்டரோடு ஓடி வந்தார். அண்ணைதான் சிரித்துக்கொண்டே குசினி ஜன்னலைத் திறந்தார்.

வயலுக்கு அங்கால் தொழிற்சாலைக் குழாயில் வெள்ளைப் புகை. "பார் தம்பி, அங்க புகை வந்தால்தான் இங்க பால் பொங்கும்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். என் மனைவி மட்டும், "அது நிண்டா, அண்ணை?" என்று கேட்டாள்.

"நல்ல நாளும் அதுவுமா என்ன கதை பிள்ளை! வாயைக் கழுவு."

போன வருடம் இரவு ஷிஃப்ட் நின்றது. பிறகு தெருமுனை வீடுகளில் விற்பனைப் பலகை வந்தது. போகிறவர்கள் அண்ணைக்குச் சொல்லவில்லை. கர்ட்டன் இல்லாத ஜன்னலைப் பார்த்துத்தான் அவர் அறிந்துகொண்டார்.

"நான் கூப்பிட்டுத்தானே எல்லாரும் வந்தவை... நாளைக்கு என்ன முகத்தோட நிப்பன்?" அதற்குப் பிறகு மனுசன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அக்கா சொல்வார்.

அவர் வீட்டிலிருந்து குழாய் தெரியாது. அதனால் தினமும் காலையில் எனக்குப் போன் வரும். "தம்பி, புகை வருதோ பார்."

"வருது அண்ணை."

"சரி, வை." அவ்வளவுதான்.

போன கிழமை தொழிற்சாலையில் கூட்டம். இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்றார்கள். கோப்பியும் கேக்கும் தந்தார்கள். அண்ணை கேக்கைத் தொடவில்லை. கார் பார்க்கில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு காலமும் கேக் தராதவங்கள் இப்ப ஏன்டா தாறாங்கள்? எனக்கு இது பிடிக்கேல்லை" என்றார்.

பயமாக இருந்தது.

தெருவில் மிஞ்சியிருப்பவர்கள் தயவுசெய்து அக்கா வீட்டுக்குப் போங்கள். அவர் தனியே இருக்கிறார். இறுதிக் கிரியை விவரம் தெரிந்ததும் கமெண்டில் போடுகிறேன்.

அண்ணை... இன்று காலை போன் வரவில்லை. ஆனாலும் பழக்கத்தில் ஜன்னலடிக்குப் போனேன். வேலைநாள், நல்ல வெளிச்சம். குழாய் வெறுமனே நின்றது. உங்களுக்கு என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டு நிற்கும்போதுதான் அக்காவின் போன் வந்தது.

புகை வரவில்லை அண்ணை. நல்லகாலம், நீங்கள் கேட்கவில்லை.

போயிட்டு வாங்கோ.