ஈனோக் ஓல்ட்ராய்ட் எழுதாத நாவல்கள்

இங்கிலாந்தின் வடக்கே எங்கள் ஹாலிஃபாக்ஸில் ஆலைப் புகை படியாத ஜன்னலும் இல்லை, நாவல் என்றால் முகம் சுளிக்காத சபையாரும் இல்லை. அந்தச் சபையில் இருந்துகொண்டேதான் எஸ்தர் ஓல்ட்ராய்ட் பதினொரு நாவல்கள் எழுதினாள். அடுத்த வீட்டுக்காரியான எனக்கே பல வருஷம் அது தெரியாது.

புத்தகங்களில் இருந்தது அவள் அண்ணன் ஈனோக்கின் பெயர். பெண் பெயரைப் பார்த்தால் லண்டன் பதிப்பாளர் காகிதக் கட்டைப் பிரிக்கக்கூட மாட்டார் என்று பயந்து, முதல் கதையிலேயே அவன் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டாள். புத்தகம் ஊருக்கு வந்த வாரமே போதகர் ஈனோக்கைக் கூப்பிட்டார். பொய்க்கதை எழுதுகிறவன் கர்த்தருடைய பாட்டைப் பாடக் கூடாது என்று பாடகர் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். நான் எழுதவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் சொல்லவில்லை. ஆண் என்பதால் அவனுக்குத் தண்டனை பாட்டோடு போயிற்று. அவள்தான் எழுதினாள் என்று தெரிந்தால் சபையை விட்டே தள்ளியிருப்பார்கள்.

ஈனோக் கம்பளி ஆலையில் ரோமத்தைத் தரம் பிரிப்பவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவனுக்கென்று இருந்த ஒரே சொத்து அந்தக் கனத்த அடிக்குரல். அது இல்லாமல் எங்கள் ஞானப்பாட்டு உப்பில்லாத கஞ்சியாகிவிட்டது. அவனைப் பாடவிடாதவர்களின் பெண்டாட்டிகள் அத்தனை பேரும் அதே நாவல்களை சால்வைக்குள் மறைத்துக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். என் மாவு டப்பாவிலேயே இரண்டு கிடந்தன. ஈனோக் மட்டும் கடைசி பெஞ்சில் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் தொண்டை மட்டும் ஏறி இறங்கும். எனக்குப் பார்க்கச் சகிக்காது.

இப்படியே பன்னிரண்டு வருஷம் போனது. அந்தக் குளிர்காலத்தில் அவனுக்கு இருமல் பிடித்தது. ஆலைத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். அதே சமயம் எஸ்தர் லண்டனில் இருக்கும் எழுத்தாளர் சங்கத்தில் சேர விரும்பினாள். பதிப்பாளர்களிடம் ஏமாந்தவர்களுக்காக வழக்காடுகிற சங்கம். எழுதியவர் தன் சொந்தப் பெயரில்தான் சேரலாம், அண்ணன் பெயரில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

எஸ்தர் என் அடுப்பங்கரைக்கு வந்து உட்கார்ந்தாள். எழுதுவது அவள்தான் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

"அக்கா, நான்தான் எழுதினேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடப் போறேன்."

"ஒரு சங்கத்துக்காகச் சபையை விடுவியா? உனக்கென்ன கிறுக்கா?"

"சங்கம் ஒரு சாக்குதான். அண்ணனுக்கு நெஞ்சு போய்க்கிட்டிருக்கு. குரல் இருக்கும்போதே ஒரு தடவையாவது பாடட்டும்." நான் கொடுத்த தேநீரை ஒரு வாய் குடித்தாள். "வெறும் சாக்குன்னும் சொல்ல முடியாதுக்கா. என் பேரை அச்சுல பாக்கணும்னு எனக்கும் ஆசைதான்."

ஈனோக் ஒத்துக்கொள்ளவில்லை. சுவர் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது.

"இப்ப யாரு கேட்டா? ஆலையில நான் நாவலாசிரியன். எனக்குன்னு ஒரு மதிப்பு இருக்கு, அதைக் கெடுக்காத."

"அதுல ஒண்ணையாவது படிச்சிருக்கியாண்ணே?"

"எழுதினவன் எதுக்கு மறுபடி படிக்கணும்?"

அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். அவனுக்கு இருமல் வந்து பேச்சு நின்றுபோனது.

மறுநாளே போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த வாரமே அவளைச் சபையிலிருந்து நீக்கினார்கள். ஈனோக்கையும் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"இத்தனை வருஷமா எங்களை ஏமாத்தினியேப்பா."

"நான் எழுதினேன்னு ஒரு நாளும் சொல்லலியே ஐயா. நீங்கதான் கேக்கவே இல்ல."

எழுதாதவனைத் தண்டிக்கப் போதகருக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. வரும் ஞாயிற்றுக்கிழமை பழைய இடத்தில் வந்து நிற்கச் சொன்னார். அடுத்த மாதம் சங்கமும் எஸ்தரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டு, தன் மாதப் பத்திரிகையில் அவள் பெயரைப் போட்டது. அந்தப் பக்கத்தை அவள் எனக்குக் கொண்டுவந்து காட்டினாள். அவளைக் கட்டிக்கொண்டேன்.

போதகர் சொன்ன அந்த ஞாயிறன்று தூறல். ஈனோக் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு பாடகர் வரிசையில் நின்றான். எஸ்தருக்கு உள்ளே இடமில்லை. தெருவில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாட்டு ஆரம்பித்தது. அவன் வாயைத் திறந்ததும் என் மேனி சிலிர்த்தது. நெஞ்சு கெட்டிருந்தாலும் குரல் கெடவில்லை. முன் வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன.

இரண்டாம் சரணம் முடிவதற்குள் ஈனோக் வரிசையை விட்டு இறங்கினான். பாடிக்கொண்டே பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்து, கதவைத் திறந்து வெளியே போனான்.

"உள்ள போண்ணே, நனையுற."

அவன் பாட்டை நிறுத்தவில்லை. தங்கைக்குப் பக்கத்தில் நின்று, அவளோடு சேர்ந்து அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருமி இருமி மூன்றாம் சரணத்தைப் பாடினான்.

"கதவைச் சாத்துங்க," என்றார் போதகர்.

கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்தான். நான் சாத்தவில்லை.