கம்ப்யூட்டர் ரூம் தாழ்ப்பாள்

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்பார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். புதுச்சேரியில் நான் வேலை பார்த்த சோப்புத் தொழிற்சாலையில் அந்த உத்தரவைப் போட்டவர் மேனேஜர். கோயிலில்கூட நாங்கள் அவ்வளவு பயபக்தி காட்டியதில்லை.

அன்று காலை அவர் கேட் காவலரை வேலையிலிருந்து நீக்கினார். வேலை நேரத்தில் தூங்கினாராம். சரி, நீக்கட்டும். எல்லார் முன்னாலும் "தண்டச்சோறு" என்று அந்த முன்னாள் ராணுவக்காரரைத் திட்டியது வாய்க்கொழுப்பு. இன்றும் அப்படித்தான் சொல்வேன். காவலரின் துப்பாக்கி அவருடைய சொந்த லைசென்ஸில் இருந்தது. அதனால் யாரும் அதைக் கேட்டு வாங்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டர் அறையில் நான் மட்டும் இருந்தேன். திடீரென்று ஒரு வெடிச்சத்தம். பாய்லர்தான் என்று நினைத்தேன். மேனேஜர் ஓடிவந்து உள்ளே புகுந்து தாழ்ப்பாள் போட்டார்.

"துப்பாக்கியோட வர்றான்" என்று என் மேசைக்கடியில் நுழைந்தார். வெறுங்கால். உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர், பழக்கதோஷத்தில் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டிருந்தார். கதவைத் திறந்து அதை எடுத்துவர எனக்குத் துணிச்சல் வரவில்லை.

காலடிச் சத்தம் வாசலில் நின்றது. செருப்பைப் பார்த்திருப்பார்.

"பாப்பா, உம்மேல எனக்குக் கோவமில்ல. நீ மட்டும் வெளிய வந்துடு" என்றார் காவலர்.

மேனேஜர் என் புடவையைப் பிடித்துக்கொண்டார். "தொறக்காதம்மா. எனக்கு ரெண்டு புள்ளைங்க."

அது ப்ளைவுட் கதவு, காவலர் எப்படியும் உடைத்திருப்பார் என்று இன்றுவரை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அன்று அதையெல்லாம் யோசிக்கவில்லை. செத்துவிடுவேன் என்று பயந்தேன், அவ்வளவுதான். மேனேஜர் பிடியிலிருந்து புடவையை உருவிக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்தேன்.

காவலர் ஒதுங்கி வழிவிட்டார். "பாத்துப் போம்மா."

வராந்தாவைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை வெடித்தது.

சாயங்காலம் கோரிமேடு ஆஸ்பத்திரியில், பிணவறைக்கு வெளியே, மேனேஜரின் மனைவி என்னைத் தேடி வந்தார்.

"கடைசியா நீதான் கூட இருந்தியாமே. ஏதாவது சொன்னாராம்மா?"

"புள்ளைங்களப் பத்திச் சொன்னாருக்கா" என்றேன்.

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். கையை இழுத்துக்கொள்ளக்கூட எனக்குப் பயமாக இருந்தது.