செஞ்சிக் கோட்டையில் கனடா வீரரின் கடைசிப் படம்

போன மாசியில் நான் செஞ்சிக்குப் போனது கோட்டைக்காக இல்லை, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துக்காக. கனடாவின் வின்னிபெக்கில் வேலை பார்த்த வருடங்களில் ஹெலன் என்பவர் வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தேன். பனி கொட்டும் ஞாயிறுகளில் மேலே கூப்பிட்டு, பாலே காணாத தேநீர் தருவார். இன்றைக்கும் அந்தச் சமையலறைக்கு மனசு ஏங்குகிறது.

அங்கேதான் படத்தைக் காட்டினார். அவருடைய அப்பா இரண்டாம் உலகப் போரில், கனடாக்காரர்கள் நிறைந்த குண்டுவீச்சு விமானப் பிரிவில் துப்பாக்கி வீரர். பர்மா சண்டைக்காக மதராஸ் பக்கம் வந்திருந்தார்கள். ஹெலன் பிறந்த தந்தி கிடைத்த வாரம், ஒரே விமானத்தில் பறக்கும் எட்டுப் பேரும் விடுப்பில் செஞ்சிக்கு வந்து, கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகால் முன்னால் எடுத்த படம். ஏழு பேர் சிரிக்கிறார்கள். அப்பா மட்டும் கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். மறுநாள் கிளம்பிய விமானம் திரும்பவில்லை.

"நீ பிறந்தது பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்" என்று ஹெலனின் அம்மா கடைசிவரை சொன்னாராம். எண்பது வயதுக்கு மேலும் அது ஹெலனை உறுத்தியது. "அப்பா எதைப் பார்த்தார் என்று போய்ப் பார்த்துச் சொல்" என்றார்.

சென்னை கிளாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் மூன்றரை மணி நேரம். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டை இரண்டு கிலோமீட்டர். ஆட்டோ ஓட்டிய ஜாபர் பாய் முன்னாள் லாரி டிரைவர். மகால் முன்னால் அதே இடத்தைத் தேடிப் பிடித்து, அதே பக்கம் திரும்பி நின்றேன். பாறை, புல், என் சுண்டல் பொட்டலத்தைக் குறிவைத்த ஒரு குரங்கு. இதையா ஹெலனிடம் சொல்வது? அழுகையே வந்துவிட்டது.

பனமலை ஏரிக்கரைக் கோயிலையாவது பார்ப்போம் என்று ஆட்டோவுக்கு வந்தேன். கிளம்புமுன் பாயைப் படமெடுக்கப் போனால், சட்டென்று திரும்பி முதுகைக் காட்டினார்.

"என்ன பாய், கோபமா?"

"கோவம் இன்னாத்துக்கும்மா? வண்டி கெளம்பறப்ப போட்டோ புடிக்கக் கூடாது. லாரி ஓட்டறப்பவே இதான் பழக்கம். நல்லபடியா திரும்பி வந்துட்டு எடுத்துக்கலாம்."

ஹெலன் கொடுத்தனுப்பிய படத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டி, மறுநாள் விமானம் ஏறியவர் என்றேன். பாய் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"நம்மாளுதான். ஊட்டுக்குப் போய்ச் சேரணும்னு ரொம்ப ஆச இருந்திருக்குது."

பறப்பதற்கு முன்னால் படமெடுத்துக்கொள்ள அஞ்சிய வீரர்களைப் பற்றி எங்கேயோ படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், மதியம் மூன்றுக்குமேல் ராஜகிரி மலை ஏற விடுவதில்லை. தண்ணீர் அவசியம். தின்பண்டம் வெளியே தெரியக் கூடாது. பனமலைக்குப் போவதாக இருந்தால் ஆட்டோவை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

இருட்டுமுன் செஞ்சிக்குத் திரும்பியதும் பாய் தலையைச் சீவிக்கொண்டு, "இப்ப எடும்மா" என்று நேராக நின்றார். அந்தப் படத்தை அனுப்பிவிட்டு ஹெலனைக் கூப்பிட்டேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அப்படியென்றால், வந்து என்னோடு எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார்" என்றார்.