மூடிக்குள் எழுதிய விளம்பரம்

அம்மாவின் கடைக்கு முதல் ஆறு வருடம் பெயர்ப்பலகை கிடையாது. ஷட்டரைத் தூக்கினால் வார்னிஷ் வாசனை தெருமுனை வரை போகும், அது போதும் என்பாள். எரிந்துபோன பம்ப் மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எடுத்து, புதிதாகச் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக் கொடுக்கிற கடை. ஊர் அவளைக் காயில்காரம்மா என்று கூப்பிட்டது.

அந்தத் தொழில் கோபத்தில் தொடங்கியது. கணவன் இறந்த மறு வருடம், மகளுக்கு அப்போது நாலு வயது, அம்மா துணி வெளுக்கும் கடை வைத்திருந்தாள். அங்கிருந்த மோட்டார் எரிந்தது. காயில் கட்டிக் கொடுத்தவன் மூன்று முறை கட்டினான், மூன்று முறையும் எரிந்தது. நாலாவது முறை அம்மா அவனிடம் போகவில்லை. மோட்டாரைத் தானே பிரித்தாள். ஒவ்வொரு சுற்றாக எண்ணிக்கொண்டே உருவினாள். எந்தக் கம்பி எந்தப் பள்ளத்தில் போகிறது என்று சலவைச் சீட்டுகளின் பின்பக்கம் படம் போட்டாள். பதினோரு நாள் ஆனது. அதற்குப் பிறகு அந்த மோட்டார் ஒன்பது வருடம் ஓடியது. சலவைக் கடை ஓடவில்லை. அம்மா தன் தங்கையைச் சேர்த்துக்கொண்டு காயில் கடை போட்டாள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் ஒரு துண்டுக் காகிதத்தில் தேதி, கம்பியின் கனம், சுற்று எண்ணிக்கை, என்ன செய்தாள் என்பதெல்லாம் எழுதுவாள். அதற்குக் கீழே, என்ன செய்யவில்லை என்பதையும் எழுதுவாள். ‘ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது, மாற்றவில்லை, சொல்லிவிட்டேன். இரண்டாவது காயிலில் ஒரு சுற்று குறைந்துவிட்டது, சூடானால் கொண்டுவரவும்.’ கடைசியில் தொலைபேசி எண். மோட்டாரின் மேலே கம்பிகள் இணையும் பெட்டி இருக்கிறதே, அதன் மூடிக்கு உட்புறம் அந்தக் காகிதத்தை ஒட்டி மேலே வார்னிஷ் பூசிவிடுவாள்.

நாலு தெரு தள்ளி, மோட்டாருக்குப் பியரிங் மாற்றும் கடை வைத்திருந்த பியரிங்காரர் ஒருநாள் போன் செய்தார். இரண்டு பேருக்கும் அதுவரை முகம் பார்த்துப் பேச்சில்லை.

“என்னக்கா இது, மூடியைத் திறந்தா லெட்டர் எழுதி வெச்சிருக்கீங்க?”

“உனக்குத்தான்யா எழுதினேன். வீட்டுக்காரர் மூடியைத் திறக்கவா போறாரு? அடுத்த மெக்கானிக்தான் திறப்பான்.”

“உங்க தப்பைக்கூட எழுதியிருக்கீங்களே!”

“நீ கண்டுபிடிச்சு ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்.”

அன்றிலிருந்து பியரிங்காரர் காயில் வேலையை அம்மாவிடம் அனுப்பினார். பியரிங் வேலை அவரிடம் போனது. அவரைப் பார்த்து இன்னும் நாலு மெக்கானிக்குகள். யாரும் யாருக்கும் கமிஷன் பேசவில்லை. அம்மாவின் வியாபாரத் தந்திரம் மொத்தமும் இவ்வளவுதான்: விளம்பரத்தைப் படிக்கப் போகிறவன் யாரென்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மகள் பொறியியல் படித்தாள். வேறு ஊரில் வேலை. ஆலைகளில் இயந்திரங்களின் அதிர்வை அளந்து, எது எப்போது பழுதாகும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அம்மாவின் கடையை அவள் விடுமுறைக்கு விடுமுறை பார்த்தாள். ஒவ்வொரு முறையும் தரையில் மோட்டார் எண்ணிக்கை குறைந்திருந்தது. புது மோட்டார் மலிவாகிவிட்டது. எரிந்ததைக் கட்டுவதைவிடத் தூக்கிப் போடுவது சுலபம் என்று ஆகிவிட்டது.

“உனக்கு மார்க்கெட்டிங் இல்லைம்மா” என்றாள் மகள்.

“அது இல்லாம இருபத்தி ரெண்டு வருஷமா எதை வெச்சு உன்னைப் படிக்க வெச்சேன்?”

மகள் விடவில்லை. சின்னம் வரைந்தாள். வட்ட வடிவில் பளபளக்கும் ஸ்டிக்கர் முந்நூறு அச்சடித்து அனுப்பினாள். அந்த வாரம் அம்மா காய்ச்சலில் படுத்திருந்தாள். கடையைச் சித்தி பார்த்தாள். மோட்டாரில் வட்டமான, தட்டையான இடம் ஒன்றுதான், பின்னால் இருக்கிற விசிறி மூடி. ஸ்டிக்கர் அதற்கென்றே வெட்டியது போல அளவாக இருந்தது. சித்தி மிக அழகாக, ஒரு சுருக்கம் இல்லாமல், இருபத்திரண்டு மோட்டாருக்கு ஒட்டி அனுப்பினாள். விசிறி மூடியில் காற்று போகும் துளைகள் இருக்கின்றன. மூன்று மோட்டார் எரிந்து திரும்பி வந்தன.

அதிர்வையும் சூட்டையும் அளந்து சம்பளம் வாங்குகிறவள் மகள். ஸ்டிக்கரின் விட்டத்தைச் சொன்னவளும் அவள்தான்.

அம்மா எழுந்ததும் பிளேடை எடுத்துக்கொண்டு மீதிப் பத்தொன்பது வீட்டுக்கும் போனாள். “எங்க விளம்பரம் உங்க மோட்டார் மூக்கை அடைச்சிருச்சு. எடுத்துட்டுப் போயிடறேன்” என்று சொல்லிச் சுரண்டினாள். எரிந்த மூன்றையும் மறுபடி கட்டிக் கொடுத்தாள். தெருவே சிரித்தது. சிரித்தவர்களில் ஏழு பேர் அந்த மாதமே தங்கள் மோட்டாரைக் கொண்டுவந்தார்கள். அந்த ஏழு பேரையும் ஸ்டிக்கரின் வெற்றி என்று சொல்லிக்கொள்ள மகளுக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் அவள் ஓயவில்லை. அடுத்து, ஊர் வணிகர்களின் வாரச் சந்திப்பில் அம்மாவைச் சேர்த்துவிட்டாள். ஓர் ஓட்டல் மாடியில், வாரம் ஒரு காலை. ஆளுக்கு ஒரு நிமிடம் எழுந்து தன் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் இன்னோர் உறுப்பினருக்காகக் குறைந்தது ஒரு சிபாரிசுச் சீட்டு எழுதிப் பெட்டியில் போட வேண்டும். கட்டட வேலை எடுக்கிறவர்கள், குழாய் வேலை செய்கிறவர்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள். அம்மாவின் பெயரில் சீட்டு விழுந்தது. அடுக்குமாடி வீட்டு மோட்டார்கள் வரத் தொடங்கின. தரை மறுபடி நிறைந்தது.

ஏழு வாரம் அம்மாவிடமிருந்து ஒரு சீட்டும் போகவில்லை. தலைவர் எழுந்தார். அவர் டைல்ஸ் கடைக்காரர்.

“அக்கா, எல்லாரும் உங்களுக்கு எழுதறாங்க. உங்க பக்கமிருந்து பெட்டியில ஒண்ணும் விழலையே?”

“யார் வேலையையும் நான் இன்னும் பாக்கலையே தம்பி.”

“பாக்கணும்னு என்ன இருக்கு? நம்ம ஆளுங்கதானே. நீங்க எனக்கு எழுதுங்க, நான் உங்களுக்கு எழுதறேன்.”

“உங்க டைல்ஸை எங்க குளியலறையில ஒட்டினேன். நானும் என் தங்கச்சியும் ஆளுக்கொரு தடவை வழுக்கி விழுந்தோம். எழுதட்டுமா?”

கூடம் சிரித்தது. தலைவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

ஒன்பதாவது வாரம் அம்மா ஒரு சீட்டு எழுதினாள். பியரிங்காரரின் பெயர். அவர் உறுப்பினர் இல்லை.

“இவர் நம்ம ஆள் இல்லையேக்கா.”

“வேலை தெரிஞ்ச ஆளு.”

“வெளியாளுக்கு எழுதக்கூடாதுன்னு விதி இருக்கு.”

“அப்ப அந்த விதியை வெச்சுக்கிட்டு நீங்களே ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்குங்க. நான் வரேன்.”

தம்ளரில் மீதி இருந்த தேநீரை நின்றபடியே குடித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

அடுக்குமாடி மோட்டார்கள் நின்றுபோயின. மகள் போனில் கத்தினாள்.

“ஒரு சீட்டும்மா! ஒரு துண்டுக் காகிதம்! எழுதினா என்ன கொறஞ்சிடும்?”

“என் வார்த்தை கொறஞ்சிடும்டி.”

“இப்படியே இரு. கடைசியில கடையில நீயும் சித்தியும்தான் மிஞ்சுவீங்க.”

“மிஞ்சறோம். போனை வை.”

அதன்பிறகும் வாரா வாரம் பேசினார்கள். மாத்திரை, மழை, சித்தியின் முழங்கால். கடையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. நாலு மாதம் அப்படிப் போனது. ஒரு முற்பகலில் வேலை மேசையிலேயே அம்மாவின் இதயம் நின்றது. கையில் இருந்த மோட்டாரில் இருபத்து நாலு பள்ளத்தில் பதினேழு நிரம்பியிருந்தது. மகள் ஆலை ஒன்றில் நாற்பது இயந்திரங்களை அளந்துகொண்டிருந்தாள்.

மீதி ஏழு பள்ளத்தையும் சித்தி கட்டினாள். “அந்த வீட்டுல தண்ணி வேணுமில்ல” என்றாள்.

மூன்றாவது வாரம், மகள் விடுப்பில் வந்து கடையில் இருந்தபோது, வணிகர் சந்திப்பின் தலைவர் வந்தார். ஒரு பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்தார். உள்ளே புது பம்ப்.

“பாப்பா, அக்கா இருந்தவரைக்கும் எனக்கும் அவங்களுக்கும் ஆகலைன்னு ஊருக்கே தெரியும். ஆனா நான் ஒண்ணு ஒத்துக்கறேன். இந்த ஊர்ல மோட்டார்னா அவங்க பேருதான். என் மச்சான் இந்த பம்பை விக்கறான். பெட்டியில அக்கா படத்தைப் போட்டு, ‘காயில்காரம்மா நம்பிய பம்ப்’னு ஒரு வரி. நீ ஒரு கையெழுத்துப் போட்டா போதும். பழுது பாக்கற வேலை மொத்தமும் உங்க கடைக்கு. நம்ம குழாய்க்காரங்களும் மறுபடி அனுப்புவாங்க. உன் சித்திக்கும் வயசாகுது. அக்கா பேரு சாகக்கூடாது பாப்பா.”

மகள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

“அடுத்த சந்திப்புல சொல்றேன் அண்ணே. பம்பை வெச்சுட்டுப் போங்க” என்றாள்.

கடையில் அன்று இரண்டே மோட்டார் இருந்தன. சித்தி இந்த வேலையைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை. மகள் மேசை முன் உட்கார்ந்து வெகுநேரம் பெட்டியையே பார்த்தாள். ‘முழுச் செம்பு’ என்று அச்சாகியிருந்தது. பம்பைத் தூக்கினாள். முழுச் செம்பு என்றால் அந்த அளவுக்கு இந்த எடை போதாது. பிரித்தாள். கம்பி செம்பு நிறத்தில் பளபளத்தது. ஒரு துண்டை வெட்டி, பிளேடால் சுரண்டினாள். மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் கம்பி வெள்ளையாக இருந்தது.

“அலுமினியம்” என்றாள் சித்தி, எட்டிப் பார்க்காமலே. சுரண்டுகிற சத்தம் அவளுக்குப் போதும்.

அலுமினியக் கம்பியில் நல்ல மோட்டாரும் உண்டு. அலுமினியம் என்று சொல்லி விற்றால் அதில் தப்பில்லை.

“சித்தி, நான் கையெழுத்துப் போடலைன்னா உங்க நிலைமை?”

“எனக்காகப் போட்டேன்னு மட்டும் சொல்லிடாதே. நான் எங்கயாவது போய்க் காயில் கட்டிக்குவேன். அவ கல்யாண போட்டோவுக்கே சிரிக்காதவ. இந்தப் பெட்டி மேல இருந்து ஊரைப் பாத்துச் சிரிப்பாளா?”

சித்தி அப்போதுதான் அழுதாள். மகள் அழவில்லை. மீதிக் கம்பியையும் உருவி, விரல் நீளத் துண்டுகளாக வெட்டத் தொடங்கினாள்.

சந்திப்பில் தலைவர் அவளை மிகுந்த மரியாதையோடு அறிமுகம் செய்தார். ஒரு நிமிடம் கொடுத்தார். மகள் தட்டில் கம்பித் துண்டுகளையும் ஒரு பொட்டலம் பிளேடுகளையும் வைத்து வரிசையாகக் கொடுத்துக்கொண்டே நடந்தாள்.

“தலைவரோட மச்சான் ‘முழுச் செம்பு’ன்னு விக்கற பம்புக்கு எங்கம்மா பேரைக் கேட்டிருக்காங்க. இது அந்தப் பம்புல உருவின கம்பி. குடுக்கறதுக்கு முன்னாடி ஆளுக்கொரு துண்டைச் சுரண்டிப் பாருங்க. உள்ள செவப்பா இருந்தா செம்பு. வெள்ளையா இருந்தா, அம்மா பேரு உங்களுக்குக் கிடையாது. அவங்க பாக்காத வேலைக்குச் சீட்டு எழுதல. நான் பாத்துட்டேன், அதனால எழுத மாட்டேன்.”

இருபத்தாறு பேர் சுரண்டுகிற சத்தம் கூடத்தில் கேட்டது. நேரம் முடிந்த மணியைத் தலைவர் அடித்தார். யாரும் நிமிரவில்லை.

“இந்தப் பம்பை நான் பதினெட்டு வீட்டுக்கு மாட்டிக் குடுத்திருக்கேன்யா” என்றார் குழாய்க்காரர் ஒருவர். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

மாடிப்படியில் தலைவர் அவளைப் பிடித்தார். அவர் கையிலும் ஒரு துண்டு இருந்தது. இரண்டு இடத்தில் சுரண்டியிருந்தார்.

“எனக்கே தெரியாது இது. தனியா வந்து சொல்லியிருக்கலாமில்ல?”

“தனியா சொன்னா, ‘படம் மட்டும் போட்டுக்கறோம் பாப்பா’ம்பீங்க.”

“அம்மா மாதிரியே வாய். பாக்கறேன், இனிமே உங்க கடைக்கு ஒரு மோட்டார் எப்படி வருதுன்னு.”

“வர வேணாம். நாங்க போறோம். ஒரு வீடு விடாம.”

மறுநாள் காலை சித்தியும் அவளும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வீடு வீடாக மோட்டாரைப் பார்க்கக் கிளம்பினார்கள். வேலையை விட்டுவிட்டாயா என்று கேட்டவர்களிடம், விடுப்பு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். தெருவின் முதல் வாசல் டைல்ஸ் கடை. “இதை விட்டுட்டுப் போலாம்டி” என்றாள் சித்தி.

“ஒரு வீடு விடாமன்னு சொல்லியாச்சு சித்தி.”

தலைவர் கல்லாவில் இருந்தார். பின்கட்டில் மோட்டார் ஓடுகிற சத்தம் வாசல்வரை வந்தது. மகள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“அண்ணே, மோட்டாரை அடியில பிடிக்கிற போல்ட் தளர்ந்திருக்கு. இப்படியே விட்டா குழாய் விரிஞ்சிடும். ஸ்பேனர் இருந்தா நீங்களே முறுக்கிக்கலாம். எங்களுக்கு இதுல வேலை இல்ல.”

“இதைச் சொல்லவா வந்தே?”

“ஆமா.”

அவர் பதில் சொல்லுமுன் சித்தி பக்கத்து வாசலின் மணியை அழுத்திக்கொண்டிருந்தாள்.